எங்கள் ஊர் மேயரும் தாராவிக் கழிப்பறையும்

1

நான் மேயருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை. மேயருடைய அலுவலகம் இருக்கிற கட்டிடத்தில் வேலை பார்க்கிறேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத் தாராவியில் இருக்கிற என் அண்ணன் முருகேசனுக்கு விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அமெரிக்காவில் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு நடுத்தர நகரத்தில் நான் குமாஸ்தா. நகராட்சிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் ஓடுகிற சுவருக்குப் பக்கத்தில் என் மேசை. பழைய தீர்மானங்களைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றுவது என் வேலை. மேயர் மேலே இருக்கிறார். லிப்டில் பார்த்தால் "இன்று குளிர் எப்படி?" என்பார். "பரவாயில்லை" என்பேன். அதுதான் எங்கள் நெருக்கம்.

ஆனால் அண்ணன், நான் வேலையில் சேர்ந்த செய்தியைத் தொண்ணூறடி ரோடு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள், அது "பேச்சி அமெரிக்காவுல மேயருக்கு பிஏவா இருக்கா" என்று ஆகியிருந்தது. அன்றிலிருந்து போன் வந்தால் இதே பேச்சுதான்.

"ஏட்டி, ஒங்க மேயர்ட்ட ஒரு வார்த்த சொல்லேன். அவரு இங்கன உள்ள மேயர்ட்ட போன் போட்டுப் பேசுனா ஆவாதா?"

"அண்ணே, அவருக்கு மும்பை எங்கன இருக்குன்னே தெரியாது."

"மேயருக்கு மேயர் தெரியாமலா இருப்பாவ? ஒனக்குச் செய்ய மனசில்லன்னு சொல்லு."

என் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத கட்டிடம் இது. பேச்சியம்மாள் என்ற எங்கள் குலசாமி பெயர் இங்கே 'பீச்சி' ஆகிவிட்டது. அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் அதற்கு 'பிரமாதம்' என்று பொருளாம். காலையில் தலைவலியோடு உள்ளே வருகிறேன், எதிரே வருகிறவர்கள் எல்லாம் "பிரமாதம்!" என்று கத்துகிறார்கள்.

நானும் சளைத்தவள் இல்லை. 'மேயர்' என்பதை நாம் சொல்வதுபோலச் சொன்னால் இங்கே புரியாது. சுருக்கிச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் அது 'மேர்', அதாவது பெண் குதிரை, ஆகிவிடும். அப்படிப் பழகிய புதிதில், "பெண் குதிரையைப் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறார்" என்று மேல்மாடிக்குத் தகவல் கொடுத்திருக்கிறேன். இதை என் மகள் தாரா தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தாள். பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவரும் எதிரெதிர் பிளாட்பாரத்தில் நின்று பேசிக்கொள்கிறவர்கள் மாதிரிதான் வீட்டில் வாழ்கிறோம்.

2

எங்கள் நகரத்தில் மேயர் பதவி உண்டாகிப் பல தலைமுறை ஆனதைக் கொண்டாடப் போன வருஷம் முடிவு செய்தார்கள். வரவேற்புக் கூடத்தில் பழைய மேயர்களின் படங்களை மாட்டி, கீழே அந்தப் பதவியின் வரலாற்றைப் பெரிய பலகைகளில் எழுதி வைக்க வேண்டும். எழுத யாரும் முன்வரவில்லை. பழைய தீர்மானங்களைப் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் என் தலையில் விழுந்தது.

எழுதப் புகுந்தபோதுதான் தெரிந்தது, இது மகா வேடிக்கையான பதவி என்று. தொடக்கத்தில் இதை யாரும் விரும்பவே இல்லை. நகர்மன்ற உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிடித்து, "இந்த வருஷம் நீ" என்று உட்கார வைப்பார்கள். முதல் மேயர் சாராயக்கடைக்காரர். அந்நாளில் மேயர்தான் சில்லறைக் குற்றங்களுக்கு நீதிபதியும். சாயங்காலம் அவர் கடையில் குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்களுக்கு, காலையில் அவரே அபராதம் போட்டார். இரண்டு வருமானம்.

பிறகு ஊர் பெரிதாயிற்று. மரவாடிகள், தொழிற்சாலைகள், ரயில். மேயரை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். பதவிக்கு ருசி வந்தது. ஒரு மேயர் வந்தார், மீசையை முறுக்கிக்கொண்டு. அவர் காலத்தில் தெரு விளக்கு ஏற்றுகிறவன்கூட அவருடைய சிபாரிசில்தான் வர வேண்டும். தேர்தலில் அவருக்கு உழைத்தவனுக்கு வேலை, உழைக்காதவனுக்கு வாசல். தீயணைப்புக்காரர்களைக் கூண்டோடு மாற்றினார். புதிதாக வந்தவர்களுக்குக் குழாயை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கிடங்கு எரிந்து போயிற்று.

கடைசியில் குடிதண்ணீரில் கை வைத்தார்கள். வேண்டியவர் ஒருவருக்குக் குழாய் பதிக்கிற வேலையைக் கொடுத்து, அந்தக் குழாயில் சாக்கடை கலந்து, ஊரில் குழந்தைகள் செத்தன. அதற்குப் பிறகுதான் பெண்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, நகரத்தின் சட்டத்தையே மாற்ற வைத்தார்கள். இனி நிர்வாகம் முழுவதும் படித்த, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு மேலாளரிடம். மேயருக்கு நாற்காலி, கூட்டத்தில் எல்லோரையும் போல ஒரு ஓட்டு, விழாக்களில் ரிப்பன் வெட்ட ஒரு கத்தரிக்கோல். இன்றுவரை அதுதான் நடைமுறை. இந்த வாரம் ஊறுகாய் வாரம், அடுத்த வாரம் தபால்காரர்களைப் பாராட்டும் வாரம் என்று அறிவிக்கிற உரிமையும் அவருக்கு உண்டு.

நான் பலகைக்கு எழுதிய கடைசி வாக்கியம் இது: "அன்று முதல் இந்த நகரத்தின் மேயரால் தன் கையெழுத்தைக்கொண்டு ஒரு தெருவிளக்கைக்கூட மாற்ற முடியாது."

அதைப் படித்த ஒவ்வொரு அலுவலகமும் ஒரு சொல்லை அடித்தது. சட்டப் பிரிவு 'சாக்கடை'யை அடித்தது. சுற்றுலாப் பிரிவு 'செத்தன'வை அடித்தது. மேயருடைய உதவியாளன் கெவின், பல்வரிசை தெரியச் சிரிக்கிற பையன், கடைசி வாக்கியத்தை முழுசாக அடித்துவிட்டு, "மேயரின் பங்கு காலத்துக்கேற்பப் பரிணமித்தது" என்று எழுதி அனுப்பினான். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று பதில் போட்டேன். "இதை மேயரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்றான். அதற்குள் நான் மும்பைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அண்ணன் மகள் காயத்ரிக்குக் கார்த்திகையில் கல்யாணம்.

3

தாராவிக்குள் நுழைந்ததும் எனக்குக் காது திறந்துகொள்ளும். பிளாஸ்டிக் அரைக்கிற இயந்திரம், பாங்கு, கோயில் ஸ்பீக்கர், தையல் மிஷின்கள். அண்ணனுக்கு மாடியில் சின்னத் தையல் பட்டறை, கீழே வீடு. கல்யாணத்துக்குப் புறநகர் கல்யாணிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தார்கள். பையை வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே மதினி செல்லத்தாய் என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு அழகான கட்டிடம். வெளிர்நீலச் சுண்ணாம்பு, வாசலில் வழவழப்பான கல், பெண்களுக்குத் தனி வழி. எங்கள் சந்தின் பொதுக் கழிப்பறை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த பழைய தகரக் கதவுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன்.

"கெட்டி முடிச்சு மாசக்கணக்கா ஆவுது," என்றாள் மதினி. "தொறப்பு விழா நடக்கலையாம். அதனால தொறக்க மாட்டாவளாம்."

"யாரு தொறக்கணும்?"

"அதாம்ட்டி தெரியல. முன்ன நகர்சேவக் வந்து ரிப்பன் வெட்டுவாரு. இப்பம் எலெக்சனே நடக்காம நகர்சேவக்கும் கெடையாது, மேயரும் கெடையாது."

நகர்சேவக் என்பது இங்கே வார்டு உறுப்பினருக்குச் சொல்கிற பெயர். தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. ஒரு கதவைத் திறக்க ஒரு பிரமுகர் வேண்டும், பிரமுகரை உண்டாக்க ஒரு தேர்தல் வேண்டும், தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பெண்கள் பெரிய ரோட்டைத் தாண்டி, காசு வாங்குகிற இன்னொரு கழிப்பறைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

எதிர்வீட்டு கதீஜாக்கா என்னைப் பார்க்கத் தடியூன்றி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரருக்குத் தோல் பை தைக்கிற தொழில். நான் பள்ளிக்கூடம் போகும்போது எனக்குப் பின்னல் போட்டு விட்டவள். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"ரோட்டத் தாண்டி நடக்க முடியலம்மா," என்றாள். "ரெண்டு தடவ வழியிலேயே ஆயிப்போச்சு. இந்த வயசுல எனக்கு இந்தக் கேவலமா?" சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அப்போதுதான் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் திட்டத்தைச் சொன்னான். நான் ரிப்பன் வெட்ட வேண்டும். 'அமெரிக்க மேயர் அலுவலகம்' என்று பேனர் அடிக்க ஆளிடம் சொல்லியாகிவிட்டது.

"அண்ணே, நான் குமாஸ்தா. இது தெரிஞ்சா என் வேலையே போயிரும்."

"இங்கன நடக்குறது அங்கன யாருக்குத் தெரியப் போவுது?"

"போட்டோ எடுத்து ஊர் பூரா அனுப்புறது நீதானே?"

அவன் கோபித்துக்கொண்டு பட்டறைக்கு ஏறிப் போய்விட்டான். மாடியிலிருந்து மிஷின் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

4

தாரா அந்த ரோட்டுக் கழிப்பறைக்கு ஒருமுறை போய் வந்தாள். அதற்குப் பிறகு போகவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கல்யாண வீட்டு அமளி. உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். இவளுக்குத் தமிழாவது கொஞ்சம் புரியும், இந்தி சுத்தமாகத் தெரியாது. ஒரு மூலையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். காயத்ரிக்கு மருதாணி வைக்கிற நேரத்தில் கண் செருகி, அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகு உண்மை வந்தது. கழிப்பறைக்குப் போக நேரும் என்று வந்ததிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையாம்.

நான் பதறிப்போய் மதினியிடம், "பாருங்க மதினி, பிள்ள தண்ணி குடிக்காம இருந்திருக்கா," என்றேன்.

மதினி தாராவின் தலையைத் தன் மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நாங்க காலம்பூரா அப்படித்தானட்டி இருக்கோம்," என்றாள். "கல்யாணம்னா பொறவு கேக்கவே வேண்டாம். காயத்ரி நேத்துலேர்ந்து குடிக்கல."

மறுநாள் காலை நான், அண்ணன், மதினி மூவரும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பெயர் எழுதினால் மட்டும் கதவு திறக்கவா போகிறது? அண்ணன் படியேறும்போதே என் காதில், "இங்கிலீஷ்ல பேசு. மூக்கால பேசு," என்று ஓதிக்கொண்டே வந்தான்.

மேசையில் இருந்தவர் மராத்திக்காரர், வயதானவர், பொறுமைசாலி. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் இந்தியில் பதில் சொன்னார். கட்டிடம் தயார். தண்ணீர் இணைப்பும் தயார். உத்காட்டன், அதாவது திறப்பு விழா, ஆகவில்லை. அது ஆகாமல் காண்ட்ராக்டர் ஒப்படைக்க மாட்டார். ஒப்படைக்காமல் இவர்கள் திறக்க முடியாது.

"திறப்பு விழா யார் செய்ய வேண்டும்?"

"மக்கள் பிரதிநிதி யாராவது."

"யார் இருக்கிறார்கள்?"

"கோயி நஹி," என்றார். யாருமில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "மேரி பெஹன், அமெரிக்கா, மேயர் ஆபீஸ்," என்று, தன் தங்கை என்ற பெருமையோடு என்னைச் சுட்டிக்காட்டினான்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் அங்கிருந்து ஒரு மேயரை அனுப்பி வையுங்கள் மேடம். எங்களிடம் இப்போது ஸ்டாக் இல்லை."

எனக்கு எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. அவரோடு சண்டை போடலாம் என்றால் அவர் மேல் தப்பில்லை. விதிப்படிதான் பேசினார். தேநீர்கூட வரவழைத்துக் கொடுத்தார்.

படியில் இறங்கும்போது மதினி நின்றாள். "ஒங்க ஊர்லயும் மேயருக்கு ஒண்ணும் கெடையாதுங்குத. இங்கயும் மேயருக்கு ஒண்ணும் கெடையாது, கமிஷனருக்குத்தான் எல்லாம்ங்காவ. பின்ன எதுக்குட்டி மேயரு?"

நான் வாரக்கணக்கில் பலகைக்கு எழுதிய வரலாற்றை மனசுக்குள் புரட்டினேன்.

அவளே சொன்னாள். "ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா? முன்ன அந்த நகர்சேவக் இருந்தாம்லா, ஒண்ணும் செய்ய மாட்டான். ஆனா மழத்தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப மாமா போயி அவன் வாசல்ல நின்னு அந்த ஏச்சு ஏசுனாரே. மறுநாளு பம்பு வந்துச்சு. இப்பம் யாரு வாசல்ல போயி நிக்க?"

மாமா என்றது என் அப்பாவை. தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தவர், வீட்டில் வாய் திறக்காதவர். அவர் அப்படி ஏசியது எனக்கும் நினைவிருக்கிறது. நாங்கள் பிள்ளைகள் நனைந்த பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். அந்த நகர்சேவக் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முழுவதையும் கேட்டார்.

5

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மதினி பட்டறைக்கு ஏறிப் போய், சட்டைக் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற சிவப்புச் சாட்டின் நாடாவில் ஒரு கை நீளம் வெட்டிக்கொண்டு வந்தாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் ஒன்று. பிறகு வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கழிப்பறை வாசலில் ஒரு கூட்டமே நின்றது. சிலர் கையில் தண்ணீர் டப்பா வேறு.

காவல்காரர் ராம்பாபு எழுந்து நின்றார். பீகார்க்காரர், நல்ல மனிதர். கட்டிடத்தைப் பூட்டிவைத்து வெறும் தெருவில் படுத்துறங்குகிற உத்தியோகம். "க்யா ஹுவா, பாபி?" என்றார். என்ன ஆயிற்று, அண்ணி?

"உத்காட்டன்," என்றாள் மதினி.

அண்ணன் கடைசி முயற்சியாக என் முதுகைத் தள்ளினான். "பேச்சி, நீ வெட்டு. ஒரு நிமிஷம்தான்."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். மதினி அவனைப் பார்த்து, "அவள விடுங்க. அவளுக்கு அங்கன பொழப்பு இருக்கு," என்றாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து கதீஜாக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். "நீங்க வெட்டுங்கக்கா. ஒங்கள விட்டா இதுக்கு யாரு பிரமுகரு?"

"ஏ, என்னடி இது, எனக்கு வெக்கமா இருக்கு," என்றாள் கதீஜாக்கா. ஆனால் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

நாடாவின் ஒரு முனையைக் கம்பியில் கட்டினார்கள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் யாரோ அதைத் தாராவின் கையில் திணித்தார்கள். என் மகள் முகம் வெளிறி இன்னும் தேறவில்லை. ஆனாலும் நாடா தொய்யாமல் இழுத்துப் பிடித்து நின்றாள். கதீஜாக்கா பிஸ்மில்லா சொல்லி வெட்டினாள். பெண்கள் கை தட்டினார்கள், இரண்டு பேர் குலவை விட்டார்கள். அண்ணன் பேசத் தொண்டையைச் செருமினான். யாரும் விடவில்லை.

மதினி ராம்பாபுவிடம் திரும்பினாள். அவள் இந்தி எங்கள் ஊர்த் தமிழை இந்திச் சொற்களால் பேசுவது. "ஒங்க ஸாப் என்ன சொன்னாரு?"

"உத்காட்டனுக்கு முன்னால் திறக்கக் கூடாது என்று."

"இப்ப உத்காட்டன் ஆச்சா, ஆவலையா?"

ராம்பாபு அறுந்து தொங்கிய நாடாவைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. இன்னொருமுறை போட்டார். கதீஜாக்கா தடியை மாற்றிப் பிடித்து, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதையும் பார்த்தார்.

"ஹோ கயா," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. ஆகிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

உள்ளே சுண்ணாம்பு வாசம். குழாயைத் திருகினால் முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். கதீஜாக்கா முதலில் போனாள். அவள் வருகிறவரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. இரண்டாவதாக மணப்பெண்ணை அனுப்பினார்கள். மூன்றாவது, "அமெரிக்காவ விடுங்க," என்று தாராவை.

அன்று மத்தியானம் என் மகள் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணனும் நானும் தாலி கட்டுகிற நேரத்தில் சமாதானமானோம்.

6

திரும்பி வந்ததும் கெவினிடமிருந்து தகவல் காத்திருந்தது. பலகை அச்சுக்குப் போக வேண்டும், மேயர் என்னைப் பார்க்க விரும்புகிறார். நான் நாள் கடத்தினேன். பொங்கல் கழிந்து, ஆறு உறைந்து கிடந்த ஒரு காலையில் வேறு வழியில்லாமல் மேலே போனேன்.

மேயர் முன்பு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். என் வாக்கியத்தை மேசையில் வைத்திருந்தார். "இது உண்மைதான்," என்றார். "ஆனால் இதைப் படிக்கிற என் பேத்தி, தாத்தா சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நினைப்பாளே?"

அவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் பொங்கியது. ஆற்றாமை, அவமானம், எல்லாம் சேர்ந்து நான் கழிப்பறைக் கதையைக் கொட்டிவிட்டேன். பூட்டு, மின்விசிறியைப் பார்த்த அந்த அலுவலர், கதீஜாக்கா, மயங்கி விழுந்த என் மகள். ரிப்பன் வெட்ட ஒரு ஆள் இல்லாததால் ஒரு தெருவே தண்ணீர் குடிக்காமல் இருந்ததை என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பெண் குதிரை என்றும் ஓரிரு இடத்தில் சொல்லியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

மதினி படியில் நின்று கேட்டதையும் சொன்னேன். ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

"பனி அள்ளாத தெருவிலிருந்து காலையில் ஒருவர் வந்தார்," என்றார். "என்னை என்னென்னவோ சொன்னார். பனி அள்ள உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை என்று அவரிடம் சொன்னால் கேட்பாரா? கேட்டுக்கொண்டேன். பிறகு மேலாளருடைய அறைக்குப் போய், அவர் எழுந்து ஆள் அனுப்புகிறவரை அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். நான் செய்கிற வேலை அவ்வளவுதான்."

பேனாவை எடுத்து, கெவின் எழுதியதை அடித்தார். என் வாக்கியத்தை அப்படியே விட்டார். அதற்குக் கீழே தன் கோணல் எழுத்தில், "ஆனாலும் விளக்கு எரியாவிட்டால் ஜனங்கள் அவரிடம்தான் வருகிறார்கள்" என்று சேர்த்தார். எனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

எழுந்தபோது, "அந்தக் கழிப்பறை இப்போதும் திறந்திருக்கிறதா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து நான் கேட்கவே இல்லை. அங்கே சாயங்காலம் என்று கணக்குப் பார்த்து, அவர் முன்னாலேயே மதினிக்கு வீடியோவில் போட்டேன். பட்டறையிலிருந்து எடுத்தாள்.

"யாருட்டி பக்கத்துல?"

"மேயரு, மதினி."

"அய்யோ!" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்ன சொல்லணும்? நமஸ்தேன்னு சொல்லு."

சொன்னேன். அவர் கை கூப்பினார். கழிப்பறை திறந்திருக்கிறதா என்று கேட்கிறார் என்றேன்.

"தொறந்துதான் கெடக்கு. நல்லா கழுவுதோம், மொற வச்சு. எலெக்சன் முடிஞ்சு புது நகர்சேவக் வந்துட்டாரு தெரியும்லா? நேத்து இங்க வந்தாரு, மால, போட்டோக்காரன், ரிப்பன் எல்லாத்தோட. ஒரு மணி நேரம் கதவப் பூட்டுங்க, நான் வந்து தொறக்கேன்னாரு."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மேயர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க என்ன சொன்னிய?"

"என்ன சொல்லன்னு நாங்க முழிச்சோம். ஆனா பூட்ட முடியாதுல்லா. கதீஜாக்கா உள்ள இருந்தா."

"பொறவு?"

"பொறவு என்ன, அந்த மனுசன் மாலையோட வெளிய நின்னாரு. நாங்களும் நின்னோம். அந்த நேரத்துல தண்ணி வராதது, குப்ப எடுக்காதது, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லி ஏசியாச்சு. போவ முடியல பாவம், போட்டோக்காரன் வேற நிக்கான்."

இதையும் மொழிபெயர்த்தேன். மேயர் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நகர்சேவக் எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மதினி கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, மேயரைப் பார்த்தே நேராகத் தமிழில் சொன்னாள்.

"கதீஜாக்கா வெளிய வார வரைக்கும்."